குளத்தைக் கொன்றவர்கள்

ஒரு கிராமத்தை அடியோடு அழிக்க வேண்டும் என்றால் என்னவெல்லாம் செய்ய வேண்டும்? பயப்படாதீர்கள், உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். ஆட்களை ஒழித்துவிட்டு வீடுகளைக் கொளுத்தினால் முடிந்தது என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், லிடிட்சேவுக்குப் போய் நிற்கும் வரை.

செக் தலைநகர் பிராகிலிருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர். பஸ்ஸில் அரை மணி நேரம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சரிந்து இறங்கும் பச்சைப் புல்வெளி. நடுவே ஒரு சின்ன ஓடை. பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறது. கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, பழைய ஊர் எங்கே என்று திருதிருவென்று விழித்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் நின்றுகொண்டிருந்ததே ஊருக்குள்தான்.

1318-லேயே ஏட்டில் பெயர் ஏறிய ஊர் அது. 1942-ல் சுமார் 500 பேர் இருந்தார்கள். விவசாயம் கொஞ்சம் உண்டு. மற்றபடி ஆண்கள் பலருக்கும் பக்கத்து க்ளாட்னோவில் சுரங்க வேலை, இரும்பாலை வேலை. ஊருக்குள் ஒரு தேவாலயம், பள்ளிக்கூடம், குளம், கல்லறைத் தோட்டம். அவ்வளவுதான்.

அந்த வருடம் மே 27 அன்று பிராகில், ஹிட்லரின் வலது கைகளில் ஒருவரான ஹெய்ட்ரிச்சின் கார் மீது குண்டு விழுந்தது. வீசியவர்கள் பிரிட்டனிலிருந்து வந்து பாராசூட்டில் குதித்த செக்கோஸ்லோவாக்கிய வீரர்கள். ஜூன் 4 அன்று ஹெய்ட்ரிச் இறந்துபோனார். பழி தீர்க்க நாஜிகளுக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது.

ஏன் லிடிட்சே? நம்பினால் நம்புங்கள், ஒரு காதல் கடிதம். கல்யாணமான ஒருவன் ஒரு தொழிற்சாலைப் பெண்ணைக் கழற்றிவிடப் பூடகமாக எழுதிய நாலு வரி, போலீஸ் கையில் சிக்கி சதித்திட்டமாகிவிட்டது. துருவியதில், லிடிட்சே பையன்கள் இரண்டு பேர் பிரிட்டிஷ் விமானப் படையில் இருப்பது தெரிந்தது. மற்றபடி கொலைக்கும் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜூன் 9 இரவு ஊரைச் சுற்றி வளைத்தார்கள். மறுநாள் ஹோராக் குடும்பத்தின் பண்ணையில், சுவரோரமாக மெத்தைகளைச் சாத்திவைத்தார்கள். குண்டு தெறித்துத் திரும்பக் கூடாதாம். அங்கேயே 173 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்கள் ரேவன்ஸ்ப்ரூக் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். குழந்தைகள் தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள்.

இதற்கு மேல் என்ன பாக்கி என்கிறீர்களா? இருந்தது. வீடுகளை எரித்தார்கள். தேவாலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கல்லறைகளைத் தோண்டினார்கள். ஓடையைத் திசை திருப்பினார்கள். குளத்தை மண் கொட்டி மூடினார்கள். மரங்களை வெட்டினார்கள். தப்பிப் பிழைத்தது ஒரு பேரி மரம்தான் என்கிறார்கள். குளம் யாருக்கு என்ன துரோகம் செய்தது, சொல்லுங்கள்?

ஊர்க்காரர் ஒருவர், தன் மகனின் சாவுக்குக் காரணமான குற்றத்துக்காக வெகுநாளாகச் சிறையில் இருந்தார். வெளி உலகத்தில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. 1942 டிசம்பரில் விடுதலையாகி ஊருக்கு நடந்து வந்தார். வந்த இடத்தில் ஊரே இல்லை. குளம் இருந்தால் அடையாளம் பிடித்திருப்பார். அதற்குத்தான் குளத்தை மூடினார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. வழி தெரிந்தவன்கூட வந்து சேர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் நாஜிகள் ஒரு தப்புச் செய்தார்கள். திமிர்தான், வேறென்ன? எத்தனையோ கொலைகளை மூடி மறைத்தவர்கள், இதை மட்டும் ரேடியோவில் தாங்களே அறிவித்தார்கள். இடிப்பதைப் படமும் பிடித்தார்கள். அந்தப் படம் பின்னால் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. வரைபடத்திலிருந்து அடிக்கப்பட்ட பெயர் ஒரு சில மாதங்களுக்குள் வேறு வரைபடங்களில் முளைத்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு குடியிருப்பு லிடிட்சே ஆயிற்று. மெக்சிகோவிலும் ஓர் ஊர் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்தில், பார்னெட் ஸ்ட்ராஸ் என்ற டாக்டரும் சுரங்கத் தொழிலாளர்களும் சேர்ந்து 'லிடிட்சே வாழும்' என்று இயக்கமே தொடங்கிவிட்டார்கள். 1947-ல் பழைய ஊருக்குப் பக்கத்திலேயே புது லிடிட்சேவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். திரும்பி வந்த பெண்களுக்கு வீடு வேண்டுமே!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் கூட்டிக் கழித்துச் சரிபார்க்காமல் விடமாட்டான். முகாமுக்குப் போன பெண்கள் 203, திரும்பியவர்கள் 143. பிரிக்கப்பட்ட குழந்தைகள் 105, திரும்பியவர்கள் 17. மீதியில் 82 குழந்தைகளை விஷவாயு வைத்துக் கொன்றிருக்கிறார்கள்.

அந்த 82 பேரும் இப்போது அந்தப் புல்வெளியில் வெண்கலச் சிலைகளாக நிற்கிறார்கள். மரியே உஹிட்டிலோவா என்ற சிற்பி இதற்காகவே வருடக்கணக்காக உழைத்தார். முழுசாகப் பார்க்காமலே 1989-ல் இறந்துபோனார். அவர் கணவர் வேலையைத் தொடர, 2000-ல் கடைசிச் சிலையும் வந்து நின்றது. பார்க்க வருகிறவர்கள் சிலைகளின் காலடியில் பொம்மைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பழக்கதோஷம், நானும் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... முப்பதோ என்னவோ வந்ததும் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு முகம். ஒரு முகத்தைப் பார்த்த பிறகு அடுத்ததை வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்வானேன், கண்ணும் கலங்கிவிட்டது.

திரும்பும் வழியில் ஓடைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். திசை திருப்பப்பட்ட தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு பழைய குளத்தை, ஒரு மரத்தைக் கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நாளைக்கு ரொம்பத் தூரத்திலிருந்து யாராவது திரும்பி வந்தால், அதைப் பார்த்துத்தான் ஊர் வந்துவிட்டது என்று பெருமூச்சு விடுவார்.