சவுரி சுலபமாகக் கிடைக்கும்... கட்டிவிடும் கை? - ஒரு சென்னை தேடல்!

சென்னையில் முடி வாங்குவது பெரிய காரியமே இல்லை. மயிலாப்பூர் மாட வீதியில் குங்குமமும் ஹேர்பின்னும் விற்கும் சின்னக் கடைகளில் சவுரியும் கூடவே தொங்கும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால், நாலு கடைக்கு ஒரு கடையில் ‘எக்ஸ்டென்ஷன்’ இருக்கும். அதுவும் வேண்டாம் என்றால் போனில் ஆர்டர் போடலாம், வாசலுக்கே வந்துவிடும்.

ஆனால் அதைத் தலையில் உறுத்தாமல், விழாமல், இருக்கிற முடியையும் சேர்த்துப் பிடுங்காமல் வைத்துவிடும் கை எங்கே இருக்கிறது? அதைத் தேடித்தான் மாசி, பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் அக்கா மகளும் ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றினோம்.

அவளுக்கு வைகாசியில் கல்யாணம். ஐப்பசி மழையில் டெங்கு வந்து பத்து நாள் படுத்து எழுந்தவள், பொங்கல் சமயத்தில் தலை குளிக்கும்போதெல்லாம் கை நிறைய முடியோடு வெளியே வந்தாள். இடுப்பு வரை இருந்த ஜடை எலிவால் மாதிரி ஆகிவிட்டது. வகிடு அகலமாகித் தோல் தெரிந்தது. “சித்தி, மண்டபத்துல அத்தனை பேரும் பின்னாடியிருந்து என் தலையைத்தானே பார்ப்பாங்க?” என்று அவள் கேட்டபோது சிரித்துச் சமாளிக்க முடியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் பின்தலையைத்தான் ஊரே பார்க்கிறது என்பது உண்மைதானே!

முதல் ஞாயிறு ஒரு பெரிய பார்லருக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஏ.சி., காபி, டேப்லெட்டில் படம் எல்லாம் பிரமாதம். ‘பர்மனென்ட் எக்ஸ்டென்ஷன்’ என்றார்கள். தவணையில் கட்டலாம் என்றார்கள். முக்கால் மணி நேரம் பேசிய அந்தப் பெண், ஒரு தடவைகூட இவள் தலையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. தையல்காரர்கூட அளவெடுக்காமல் துணி வெட்டமாட்டாரே!

‘பர்மனென்ட்’ என்ற வார்த்தையும் சரியில்லை. கூந்தல் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளர்கிறது. ஒட்டிய முடியும் அதோடு சேர்ந்து கீழே இறங்கும். டேப் வைத்து ஒட்டுவதை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எடுத்து மறுபடி மேலே ஏற்றி ஒட்ட வேண்டும். கெரட்டின் பசையால் கொத்துக் கொத்தாக ஒட்டுவது மூன்று, நான்கு மாதம் தாங்கும். எடுக்கும்போதும் அதற்கென இருக்கும் திரவம் போட்டு, பழகிய கைதான் எடுக்க வேண்டும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டேப்பின் பசைக்கு எண்ணெயும் வியர்வையும் ஆகாது. வாரம் தவறாமல் எண்ணெய் வைக்கும் வீடும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் அந்தப் பசை எத்தனை நாள் நிற்கும்?

இரண்டாவது ஞாயிறு மயிலாப்பூர். கபாலீஸ்வரர் கோயிலில் பங்குனிப் பெருவிழா நேரம். வண்டியை லஸ் பக்கம் எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்தே போனோம். அறுபத்து மூவர் அன்று மட்டும் இந்த வேலையாக அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்!

வடக்கு மாட வீதியில் நாட்டிய நகைகள் விற்கும் கடைகளைப் பார்த்தாலே ஒரு காலத்தில் கூந்தலுக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்று புரியும். ராக்கொடி, சூரிய பிரபை, சந்திர பிரபை, ஜடைநாகம், ஜடைபில்லை, நுனிக்குக் குஞ்சலம். தலைக்கு மட்டுமே இத்தனை. குஞ்சலம் தொங்குவதற்கு ஜடை வேண்டும், ஜடைக்கு நீளம் வேண்டும். அதனால் பரதநாட்டியம் கற்கும் குழந்தைகள் அரங்கேற்றத்துக்குச் சவுரி வைப்பது இந்தத் தெருவில் சாதாரணம். யாரும் ரகசியமாகக் கேட்பதில்லை. நாங்கள்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டோம். கடைக்காரர் சத்தமாகவே, “கல்யாணத்துக்கா? எத்தனை இன்ச்?” என்றார்.

அவர் காட்டிய பாடம் உங்களுக்கும் உதவும். இரண்டு சவுரியிலிருந்து ஒவ்வொரு இழையை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினார். ஒன்று உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. அது செயற்கை இழை. இன்னொன்று கருகிய முடி நாற்றத்தோடு எரிந்து, விரலில் தேய்த்ததும் பொடியானது. அது நிஜ முடி. செயற்கை இழையில் சூடான ஸ்ட்ரெயிட்னர் வைத்தால் உருகிவிடும் என்பதால் இது தெரிந்திருப்பது நல்லது.

நிஜ முடியிலும் தரம் உண்டு. முடியின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்குகள் வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். ஒரே தலையில் வெட்டி, வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கினால் அது ‘ரெமி’. விரலால் மேலிருந்து கீழே நீவினால் வழுக்கும், கீழிருந்து மேலே நீவினால் லேசாகச் சொரசொரக்கும். சீப்பில் வந்த சிக்குமுடியைச் சேர்த்துச் செய்ததில் வேரும் நுனியும் கலந்திருக்கும், செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். அதனால் அமிலத்தில் போட்டுச் செதிலை நீக்கி, சிலிக்கான் பூசி பளபளப்பாக்குவார்கள். கடையில் பட்டு மாதிரி இருக்கும். நாலு தடவை அலசியதும் சடை பிடிக்கும்.

சிக்குமுடி என்றதும் என் பாட்டி ஞாபகத்துக்கு வருகிறார். தலை வாரியதும் உதிர்ந்த முடியைச் சுருட்டி ஜன்னல் மூலையில் செருகி வைப்பார். வருஷக்கணக்கில் சேர்ந்ததும் தெருவில் வரும் சவுரி கட்டும் அம்மாவிடம் கொடுத்து, தன் முடியிலேயே தனக்குச் சவுரி கட்டிக்கொள்வார். நரைத்த முடி ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று அந்தச் சவுரியில் அவர் வயதே தெரியும். இப்போதும் சில ஊர்களில் பாத்திரமோ ஊசி, பாசியோ கொடுத்து வீடு வீடாகச் சிக்குமுடி வாங்குகிறார்கள். அதெல்லாம் ஊர் ஊராகச் சேர்ந்து, கர்நாடகத்தின் கொப்பல் பக்கம், மேற்கு வங்காளம் என்று போய், அங்கே பெண்கள் உட்கார்ந்து இழை இழையாகச் சிக்கெடுக்கிறார்கள். உலகச் சந்தைக்குப் போகும் முடி அது.

வாங்க வேண்டியது தெரிந்துவிட்டது. கட்டிவிட யார்? வழி சொன்னவர் அதே தெருவில் கல்யாணப் பூ ஜடை கட்டும் பூக்காரர். “நான் கட்டுற ஜடை எடை ஜாஸ்தி. சரியா சவுரி வைக்காத தலையில மாட்டினா, மாலை மாத்துறதுக்குள்ள ஒரு பக்கமா சாஞ்சிடும். சாயாம நிக்க வைக்கிற அம்மா ஒருத்தங்க வடபழனி பக்கம் இருக்காங்க. சினிமாவுல வேலை பார்த்தவங்க” என்றார். பார்லர் வாசலில் ஒட்டிய நட்சத்திர மதிப்பெண்களைவிட இந்தச் சிபாரிசு எனக்குப் பெரிதாகத் தோன்றியது. ஜடை சாய்ந்தால் பேச்சு கேட்பவர் அவர்தானே!

வடபழனி, சாலிகிராமம் தெருக்களில் சினிமாவின் பின்பக்கம் குடியிருக்கிறது. டெய்லர், லைட்மேன், டோப்பா கட்டுபவர், ஹேர் டிரஸ்ஸர் என்று ஒவ்வொரு சந்திலும் யாராவது இருப்பார்கள். ஒரு செய்தி தெரியுமா? நம் திரையுலகில் பெண்களை மேக்கப் கலைஞர்களாகச் சங்கத்தில் சேர்க்காமல், ஹேர் டிரஸ்ஸர் வேலையோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்தத் தடை போனது. ஆக, கூந்தல் வேலையில் மட்டுமே முப்பது, நாற்பது வருஷம் கை தேர்ந்த பெண்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். நாங்கள் பார்க்கப் போனவரும் அந்தத் தலைமுறைதான்.

மாடியில் ஒற்றை அறை, ஒரு கண்ணாடி, ஒரு மர ஸ்டூல். அந்த அம்மா முதலில் செய்த காரியம், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து இவள் தலையில் விரல் விட்டுத் துழாவியது. நெற்றியோரம், காதுக்கு மேலே, உச்சி, பிடரி. பிறகு ஒரு சின்னக் கொத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவினார். கையோடு ஏழெட்டு முடி வந்தது. “காய்ச்சல் எப்ப வந்துச்சு கண்ணு?” என்றார். நாங்கள் காய்ச்சல் பற்றி வாயே திறக்கவில்லை!

“இப்ப இதுல எதையும் ஒட்டமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். “நிக்கிறதே கொஞ்சம். அதுல 100 கிராமை இழுத்துக் கட்டினா, நாளைக்கு அந்த இடம் வழுக்கையா நிக்கும். முதல்ல தோல் டாக்டரைப் பாருங்க. ரத்தம், தைராய்டு எல்லாம் பார்க்கச் சொல்லுங்க.” வந்த கிராக்கியை இப்படித் திருப்பி அனுப்பியதும், ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கோ கண்ணில் நீர். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். கடும் காய்ச்சலுக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்து இப்படிக் கொத்தாகக் கொட்டுவது உண்டு, வேர் சாகவில்லை, சில மாதங்களில் தானாக வளரும். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று அதற்கு மாத்திரை தந்தார். தொடர்ந்து இழுத்துக் கட்டுவதால் வரும் முடி உதிர்வுதான் ஆபத்து, நாள்பட்டால் வேரே போய்விடும் என்று எச்சரித்தார்.

திரும்பப் போனபோது அந்த அம்மா மூன்று ஜோடி கிளிப் முடியும் ஒரு நீளச் சவுரியும் எடுத்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அது போதும், அன்றே மாட்டி அன்றே கழற்றிவிடலாம் என்றார். இவள் அந்தச் சவுரியைக் கையில் வைத்து நீவிக்கொண்டே கேட்டாள். “இது யார் முடிங்கம்மா?”

“திருத்தணியோ, பழநியோ, திருமலையோ... யாரோ ஒரு பொண்ணு வேண்டிக்கிட்டுக் கொடுத்தது. அவளுக்கு என்ன கஷ்டமோ” என்றார் அந்த அம்மா.

கோயில்களில் காணிக்கையாக வரும் முடியை நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருமலையில் கோடிக்கணக்கான ரூபாய் வருமானம் அது. ஆனாலும் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. கொடுத்தவளுக்கு ஒரு பைசா கிடையாது, அவள் கேட்கவும் இல்லை. வீட்டில் அக்காவின் மாமியார், “சாமிக்குக் கொடுத்ததை எடுத்து நாம தலையில வைக்கலாமா?” என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் வந்ததில்லை. 2004-ல் ஜெருசலேமின் யூத மதகுரு ஒருவர், வேறு தெய்வத்துக்குப் படைத்த முடியில் செய்த விக்கை அணியக்கூடாது என்று தீர்ப்புச் சொல்ல, நியூயார்க்கின் புரூக்ளினில் பெண்கள் விலை உயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். நம் வீட்டுப் பாட்டி கடைசியில், “ஏலம் விட்டுக் காசு கோயிலுக்குப் போயிடுச்சுல்ல? அப்ப அது பிரசாதம் மாதிரிதான்” என்று முடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு வேறு கவலை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால்? யாரிடமும் மூச்சு விடாதே என்றாள். பெண் கேட்கவில்லை. அன்று ராத்திரியே அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவர், “எனக்கே இருபத்தெட்டு வயசுல முன்னாடி ஏறிடுச்சு, நான் யாருகிட்ட சொல்றது?” என்றாராம்.

முகூர்த்தத்தன்று விடியற்காலை மூன்றரைக்கு அந்த அம்மா வந்தார். கையில் ஒரு பை. கறுப்பு நூல், வளைந்த ஊசி, பல் அகன்ற சீப்பு, யு பின். உச்சி முடியைத் தொடவே இல்லை. பிடரியில் அடர்த்தி இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பின்னல் போட்டு, அதன் மேல் சவுரியை மாட்டினார். பூ ஜடையை முடியில் குத்தாமல் சவுரியோடு வைத்துத் தைத்தார். எடை முழுக்கச் சவுரிக்கு, சவுரியின் எடை பிடரிக்கு. ஒன்றரை மணி நேரம் ஆனது. “வலிச்சா உடனே சொல்லணும், பொறுத்துக்கக் கூடாது” என்று நாலு தடவை சொல்லியிருப்பார். சாயங்கால வரவேற்புக்குச் சவுரியை எடுத்துவிட்டு கிளிப் மாட்டி விரித்துவிட்டார். சாமான் விலை, கூலி எல்லாம் சேர்த்தும் அந்தப் பார்லர் சொன்னதில் பாதிகூட இல்லை.

இரவே எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். சவுரியை லேசான ஷாம்பூவில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் தொங்கவிட்டு, காய்ந்த பிறகு நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி வைக்க வேண்டும். அது இப்போது ஒரு பருத்தித் துணியில் சுற்றி அவள் பீரோவில் இருக்கிறது. அடுத்து ஆவணியில் சித்தப்பா பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டிருக்கிறார்கள்.

ஆடி அழைப்புக்கு வந்தவளின் தலையைப் பார்த்தேன். நெற்றியோரம் முழுக்கக் குட்டிக் குட்டி முடி. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படியாமல் குத்திட்டு நிற்கின்றன.