ஸைது ஏன் அடித்தார்?

அரபு இலக்கணத்தின் வாசலில் அடியெடுத்து வைக்கும் மாணவன் முதலில் காண்பது ஓர் அடியைத்தான். 'ளரப ஸைதுன் அம்ரன்' - ஸைது அம்ரை அடித்தார். வினை, எழுவாய், செயப்படுபொருள் ஆகிய மூன்றையும் விளக்குவதற்கு நஹ்வுக் கிதாபுகள் காலங்காலமாகக் கையாளும் எடுத்துக்காட்டு இது. முப்பது ஆண்டுகளாக நானும் இதனையே ஓதிக் கொடுத்து வருகிறேன்.

சென்ற கோடை விடுமுறைக்கு என் மகள் தன் மகனுடன் வந்திருந்தாள். பேரனுக்கு வயது 13. காலையில் அவனை அமர்த்தி இந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். உடனே அவன், "நன்னா, ஸைது ஏன் அம்ரை அடிச்சாரு? அம்ரு என்ன தப்பு செஞ்சாரு?" என்று கேட்டான். "வேண்டாத கேள்வி! முதலில் மனனம் செய்" என்று அதட்டினேன். மறுநாள் அவன் கிதாபுடன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள், கண்டிக்கும் எண்ணத்துடன் அவனுடைய அறைக்குள் நுழைந்தேன். கணினியில் போர் விளையாட்டு ஒன்று ஆடிக்கொண்டிருந்தான். 2005-ல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' நான்காம் பாகமாம். திரையில் அரபு நாட்டுத் தலைவராக ஸலாஹுத்தீன் அய்யூபியின் பெயர்! 1187-ல் பைத்துல் முகத்தஸை மீட்ட அந்த மாவீரரின் பெயரைக் கண்டதும், கண்டிக்க வந்த நான் அருகில் அமர்ந்துவிட்டேன். "ஒரு முறை நானும் ஆடட்டுமா?" என்றேன். அவன் இடம் விட்டான்.

சதுரங்கத்தைப் போலவே இதிலும் முறை வைத்துத்தான் காய் நகர்த்த வேண்டும். இளமையில் சதுரங்கம் ஆடிய எனக்கு அது போதும் என்று தோன்றியது. அங்கே சிப்பாயும் யானையை வெட்டலாம். சென்று சேர்ந்தவனுக்கே வெற்றி. அதே நினைப்பில் என் குதிரை வில்வீரர்களைக் குன்றின்மேல் நின்ற ஈட்டிப்படையின் மீது ஏவினேன். அழிந்தார்கள். இரண்டாம் படையை ஏவினேன். அதுவும் அழிந்தது.

"குதிரைக்கு வலிமை 6, ஈட்டிக்கு 4 என்று போட்டிருக்கிறதே! இது என்ன நியாயம்?" என்று கேட்டேன். பேரன் தாளெடுத்துக் கணக்கிட்டான். குதிரைப்படையை எதிர்க்கும்போது ஈட்டி வீரருக்கு நூற்றுக்கு நூறு கூடுதல். குன்றின்மேல் நிற்பதற்கு 25. இடம் பெயராமல் அரண் செய்து நின்றால் ஒரு முறைக்கு 5 வீதம் 25 வரை. ஆக 150 விழுக்காடு கூடி, 4 என்பது 10 ஆகிவிடுகிறது. மோதல் பல சுற்றுகளாக நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எனக்கு இருந்தது 16-ல் 6 பங்கு வாய்ப்பே. வலியவனின் அடி காயத்தையும் மிகுதியாக்கும். காயப்பட்ட படையின் வலிமை காயத்திற்கேற்பக் குறையும்.

நான் விடவில்லை. "ஈட்டிக்கு மட்டும் ஏன் அவ்வளவு சலுகை?" என்றேன். "ஈட்டி முனை மேல குதிரை பாயாது நன்னா" என்றான். "ஆற்றைக் கடந்து தாக்கினால் எதிரிக்கு 25 கூடுகிறதே, அது ஏன்?" "தண்ணில இறங்கினா அணி கலைஞ்சிடும்ல." காட்டுக்குள் நிற்பவனுக்கு 50 ஏன், வில்லாளிக்கு நகர மதிலில் மேன்மை ஏன் என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றுக்கும் அவன் முகம் சுளிக்கவில்லை. இறுதியில் நானே கூசி, "உன்னைத் தொந்தரவு செய்கிறேனோ?" என்றேன். "கேக்காம எப்படி நன்னா தெரியும்?" என்றான்.

அச்சொல் என்னைச் சுட்டது. அவன் என்னைக் குத்திக் காட்டவில்லை, இயல்பாகத்தான் சொன்னான். ஆனால் மூன்று நாள் முன்பு அதே ஏனென்ற கேள்விக்கு நான் அளித்த விடை என்ன? எத்தனையோ ஆண்டுகளுக்கு முன், இதே கேள்வியைக் கேட்டு என்னிடம் அதட்டு வாங்கிய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். அதன்பின் அவன் ஓத வரவேயில்லை. இன்று கடைவீதியில் கண்டால் மரியாதையுடன் ஸலாம் சொல்கிறான். கிதாபை மட்டும் அவன் மீண்டும் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அக்கேள்விக்கு விடை இல்லாமலில்லை. அரபு நாடுகளில் வழங்கும் கதை ஒன்று உண்டு. தாவூத் என்னும் பெயருடைய அமைச்சர் ஒருவர் அரபு பயின்றபோது, "அம்ரு செய்த குற்றம் என்ன?" என்று கேட்டாராம். விடை சொல்லத் தெரியாத ஆசிரியர்களையெல்லாம் சிறையில் அடைத்தாராம். கடைசியில் ஓர் அறிஞர், "தங்கள் பெயரிலுள்ள ஒரு 'வாவு' எழுத்தை அம்ரு திருடிக்கொண்டார், அதனால்தான் அடி" என்றாராம். தாவூத் என்பதில் ஒலிப்பில் இரண்டு வாவு உண்டு, எழுத்தில் ஒன்றே. அம்ரு என்பதிலோ, உமரினின்று பிரித்தறிவதற்காக, ஒலிக்காத ஒரு வாவு சேர்த்து எழுதுவர். இக்கதையை நான் அறிந்திருந்தும் அந்த மாணவனுக்கும் சொல்லவில்லை, என் பேரனுக்கும் சொல்லவில்லை.

அன்று இரவு சொன்னேன். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனே கிதாபை எடுத்து வந்தான். "'ளரப அம்ரன் ஸைதுன்' என்று மாற்றினால் அடித்தவர் யார்?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "அப்பவும் ஸைதுதான். கடைசி ஒலியைப் பாக்கணும். முன்னாடி நிக்கிறவரு ஜெயிச்சவரு இல்ல. நீங்க குதிரையை விட்ட மாதிரிதான் நன்னா!" என்றான்.

முப்பது ஆண்டுகளாக நான் ஓதிக் கொடுத்த விதியை ஒரு சிறுவன் இரண்டே சொற்களில் எனக்கு ஓதிக் கொடுத்துவிட்டான். விடுமுறை முடியும்வரை காலையில் நான் உஸ்தாது, மாலையில் அவன் உஸ்தாது. போரில் இன்றுவரை நான் அவனை வென்றதில்லை. ஆயினும் இப்போது என் வகுப்பில் ஸைதின் பாடம் வரும் நாளில், "ஏன் அடித்தார்?" என்று மாணவர் யாரும் கேட்காவிட்டால், நானே கேட்டுவிடுகிறேன்.