அம்மாவின் டி.எஸ்.ஹெச்சும் என் அரைகுறை ஆடிட்டிங்கும்

பி.காம். படிக்கிறவன் எதுக்கு தைராய்டு பத்தி எழுதுறான்னு கேக்காதீங்க மக்களே. பேலன்ஸ் ஷீட்டையே ஒழுங்கா படிக்கத் தெரியாதவன் அம்மாவோட ரிப்போர்ட்டைப் படிச்ச கதை இது.

அம்மா மூணு வருஷமா தைராக்சின் மாத்திரை சாப்பிடுறாங்க. போன மாச டெஸ்ட்டுல டி.எஸ்.ஹெச். 9.2. பக்கத்துலயே நார்மல் அளவு 0.4 முதல் 4.0 வரைன்னு போட்டு, தடியா ஒரு 'ஹெச்'. ஃப்ரீ டி4 மட்டும் நார்மல். ஹெச்னா ஹை. அப்போ தைராய்டு ஜாஸ்தி, மாத்திரை ஓவர்டோஸ்! "அம்மா, நாளையிலேர்ந்து பாதி மாத்திரை போதும்"னு தீர்ப்பு சொல்லிட்டேன். புள்ள காலேஜ் படிக்கிறானேன்னு அவங்களும் நம்பிட்டாங்க. பத்து நாள்!

டாக்டர்கிட்ட போனப்புறம்தான் தெரிஞ்சது, டெபிட்டை கிரெடிட்டா படிச்சிருக்கேன்னு. டி.எஸ்.ஹெச். தைராய்டுல சுரக்குறதே இல்லையாம். மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்புற தாக்கீது அது. ஹெட் ஆபீஸ் பிராஞ்சுக்குப் போடுற ரிமைண்டர் லெட்டர்னு வெச்சுக்கோங்க. சரக்கு குறைஞ்சா லெட்டர் குவியும். சரக்கு தேவைக்கு மேல போனா லெட்டர் நின்னுடும், டி.எஸ்.ஹெச். 0.1க்குக் கீழகூட இறங்கும். அந்த 'ஹெச்'சுக்கு அர்த்தம் பத்தலைங்கிறதுதான்.

டி4 நார்மலா இருக்கே? ஹெட் ஆபீஸ் ரொம்ப கறார். டி4 லேசா இறங்கினாலே டி.எஸ்.ஹெச். பல மடங்கு ஏறிடும். அதனால டி4 நார்மல் எல்லைக்குள்ள இருக்கும்போதே டி.எஸ்.ஹெச். காட்டிக் கொடுத்துடுது.

அடுத்து டாக்டர் கேட்ட கேள்விதான் முக்கியம். "மாத்திரை எப்பம்மா சாப்பிடுறீங்க?"

"காபியோடதான் சார். கூடவே கால்சியம் மாத்திரையும்."

போச்சு. ரெண்டுமே தைராக்சினை உடம்புல சரியா சேரவிடாது. டோஸை ஏத்தவே இல்லை அவர். பழையபடி முழு மாத்திரை, வெறும் வயித்துல தண்ணியோட, காபி ஒரு மணி நேரம் கழிச்சு, கால்சியம் ராத்திரிக்கு. மறு டெஸ்ட் ஆறு முதல் எட்டு வாரம் கழிச்சுத்தான். ரத்தத்துல டி4 பாதியா குறையவே ஒரு வாரம் ஆகும், எல்லாம் ஒரு நிலைக்கு வர அவ்வளவு நாள் வேணும். டாக்டர் என்னைத் திட்டலை. பார்த்த பார்வை போதும்.

இப்போ தினமும் காலையில அஞ்சரைக்கு மாத்திரை போட்டுட்டு, கடிகாரத்துக்குக் கீழ உக்காந்துக்கிறாங்க அம்மா. "டேய், ஆறரை ஆயிடுச்சா பாரு!"

பால் வெச்சுட்டேன்மா.