மழையில் மட்டும் வரும் பழுது

எண்ணெய் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், பெயரிங் தேய்ந்தால் காதுக்குக் கேட்கும், கரண்ட் பழுது மட்டும் பேய் மாதிரி என்று மெக்கானிக்குகள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. பாரிஸ் புறநகர்க் கராஜ் ஒன்றில் நான் பதினொரு வருடம் வேலை செய்தேன். அங்கும் இதே கதைதான். பழுது பிடிபடவில்லை என்றால் "எலக்ரோனிக்" என்று சொல்லித் தோளைக் குலுக்குவார்கள். பிறகு ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொரு பெட்டியைப் போடுவார்கள். வண்டிக்காரன் காசு கட்டுவான். பழுது சில வேளை போகும், சில வேளை போகாது.

பிரான்சுக்கு வந்த எங்கள் ஆட்கள் பழைய சித்ரோன் வண்டிகளைக் கண்டிருப்பார்கள். நிறுத்தி வைத்தால் களைத்த மாடு மாதிரித் தரையோடு படுத்திருக்கும். ஸ்டார்ட் பண்ணினால் மெல்ல எழுந்து நிற்கும். வில்லும் சுருளும் இல்லாத வண்டி அது. ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் இரும்புக் கோளம், கோளத்துக்குள் ஒரு ரப்பர்ச் சவ்வு, சவ்வுக்கு ஒரு பக்கம் நைதரசன் வாயு, மறு பக்கம் எண்ணெய். வாயுதான் வில். இதைக் கண்டுபிடித்த போல் மாஜேஸ் பொறியியல் கல்லூரி எதிலும் படித்தவரல்ல. 1955இல் பாரிஸ் கண்காட்சியில் டி.எஸ். என்ற காரை வைத்தபோது சனம் முண்டியடித்தது. 1962 ஓகஸ்ட் 22ஆம் திகதி பெத்தி கிளமாரில் டி கோலின் காரைச் சுட்டார்கள். ரயர்கள் ஓட்டையாகியும் அது நிற்காமல் ஓடித் தப்பியது. அந்தக் காரும் டி.எஸ்.தான்.

கொம்பியூட்டர் இதற்குள் புகுந்தது 1989இல், எக்ஸ்.எம். வந்தபோது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என மேலதிகமாகக் கோளங்களை வைத்தார்கள். அவற்றுக்கு எண்ணெய்ப் பாதையைத் திறந்தால் வண்டி பஞ்சு மெத்தை, மூடினால் பலகை. திறந்து மூடுவது மின்சார வால்வு. ஸ்டியரிங்கை எவ்வளவு வேகமாகத் திருப்புகிறீர்கள், பிரேக்கை எப்படி மிதிக்கிறீர்கள், என்ன வேகத்தில் போகிறீர்கள், பொடி எவ்வளவு ஆடுகிறது என்றெல்லாம் சென்சர்கள் சொல்ல, கொம்பியூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிக்கும். ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைக்க வேண்டும். வால்வுக்குக் கரண்ட் போனால்தான் மெத்தை. கரண்ட் இல்லையென்றாலும், சென்சர் சொல்வதைக் கொம்பியூட்டர் நம்பாவிட்டாலும் பலகைதான். வளைவில் வண்டி தளும்பக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், அது சரியானதே. ஆனால் பழுது பார்ப்பவனுக்கு இது பெரிய தலையிடி. பியூஸ் எரிந்தாலும், வயர் அறுந்தாலும், சென்சர் செத்தாலும் வெளியே தெரியும் குணம் ஒன்றுதான்: வண்டி குலுக்குகிறது.

1997 கார்த்திகையில் இந்த வகைச் சஸ்பென்ஷன் உள்ள ரக்ஸி ஒன்று எங்களிடம் வந்தது. சாரதி கபிலியாக்காரர், என் அப்பாவின் வயதிருக்கும். ரக்ஸி லைசென்ஸைக் கடனில் வாங்கியவர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணை நிற்காது. அதைவிட அவருக்கு நாரி நோ. "மகனே, பகலில் இது கார். இரவில் மழை பெய்தால் கழுதை வண்டி" என்றார். வேறொரு கராஜில் வால்வை மாற்றியிருந்தார்கள். இனிக் கொம்பியூட்டரைத்தான் மாற்ற வேண்டும் என்று அங்கே சொன்ன விலை, அவர் இரண்டு மாதம் ஓடி உழைக்கும் காசு.

கொம்பியூட்டர் தன் நினைவில் குறித்து வைத்திருந்த குறியீட்டை எங்கள் முதலாளியும் வாசித்தார். வால்வுச் சுற்றில் கோளாறு என்றது. சுற்று என்றால் வால்வு மட்டுமல்ல. பற்றரியிலிருந்து புறப்பட்டுத் திரும்பவும் பற்றரிக்கு வந்து சேரும் வரை உள்ள வழி முழுவதும் சுற்றுத்தான். அந்தக் கராஜ்காரர் குறியீட்டை ஒரு பொருளின் பெயராக வாசித்துவிட்டார். முதலாளியும் கொம்பியூட்டருக்கு ஓடர் கொடுக்கத் தொலைபேசியைத் தூக்கினார். பின்னேரம் வரை பொறுக்கச் சொன்னேன். "பின்னேரம் வரைதான்" என்றார்.

எனக்குக் குறியீட்டைவிடக் கிழவர் சொன்ன இரவும் மழையும்தான் முக்கியமாகப் பட்டது. இரவென்றால் ஹெட்லைற், மழையென்றால் வைப்பர். ஹெட்லைற் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். வைப்பர் மேலும் சிலவற்றை இழுக்கும். வால்வின் சுருளை அளந்தேன், 5 ஓம் அளவில் இருந்தது, குறையில்லை. பொடி வயரையும் ஓம் மீற்றரால் அளந்தேன், பூச்சியம். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். மீற்றர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். முப்பது இழை உள்ள வயரில் ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும், பூச்சியம் என்றே காட்டும். ஒற்றையடிப் பாதையில் ஒருவன் நடந்து பார்த்துவிட்டு லொறி போகும் என்று சொல்வது போல.

ஆகவே வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைற், வைப்பர், ஹீற்றர் எல்லாவற்றையும் போட்டேன். மீற்றரை வோல்ட்டுக்குத் திருப்பி, ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மறு முனையைக் கொம்பியூட்டரின் பொடி வயரிலும் வைத்தேன். இரண்டும் ஒரே இடம்தான் என்றால் வித்தியாசம் இருக்கக்கூடாது. 0.1 வோல்ட் என்றால் பொறுக்கலாம். இருந்தது 1.8. வைப்பர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது இன்னும் ஏறியது. கொம்பியூட்டர் எல்லாச் சென்சரையும் அளப்பது தன் காலடித் தரையிலிருந்து. அந்தத் தரையே ஏறி இறங்கினால் சென்சர் சொல்வதெல்லாம் பொய்யாகத்தான் தெரியும். அது பயந்து வால்வை மூடிவிடுகிறது.

ஊரில் எனக்குத் தொழில் பழக்கிய குஞ்சியப்பு எதையும் தொட முன்னம் பொடி வயரைப் பார்க்கச் சொல்வார். அவர் கண்டதெல்லாம் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும். பழைய மைனர்களில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு இருக்கும், அந்தத் தலைகீழை அவர் ஒரு கதையாகவே சொல்வார். சென்சர் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

பற்றரிக்குப் பக்கத்தில் இடது மட்காட்டின் உள்ளே நாலு பொடி வயர்கள் ஒரே போல்ட்டில் கூடியிருந்தன. மட்காட் வேறு நிறத்தில் மின்னியது. கேட்டேன். "போன கோடையில் ஒருவன் இடித்தான், தகரம் தட்டிப் பெயின்ற் அடித்தேன்" என்றார் கிழவர். பெயின்ற் அடித்தவர்கள் போல்ட்டின் அடியையும் விட்டுவைக்கவில்லை. வயர்கள் தகரத்தில் அல்ல, பெயின்றில் உட்கார்ந்திருந்தன. போல்ட்டின் புரி வழியாக மட்டும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. கழற்றியபோது புரியில் துரு, வயர் முனைகளில் பச்சைத் தூள்.

எமரிக் கடதாசியால் தகரம் வெளுக்கும்வரை தேய்த்தேன். முனைகளைத் துப்புரவாக்கி, புதுப் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன். அளந்தபோது 0.04 வோல்ட். குறியீட்டை அழித்துவிட்டுக் கிழவரை ஏற்றிக்கொண்டு, எல்லா விளக்கும் எரிய, கல் பதித்த தெரு ஒன்றில் மூன்று தரம் போய்வந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தன் நாரியில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி ஒரு மணிநேரக் கூலியும் ஒரு போல்ட்டும் என்று பில் எழுதினார். கொம்பியூட்டரில் கிடைக்கக்கூடிய லாபம் போன கவலை முகத்தில் தெரிந்தது. கிழவர் பழைய போல்ட்டைக் கேட்டு வாங்கி, கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மற்றக் கராஜ்காரனுக்குக் காட்ட வேண்டுமாம்.