முன்னிருக்கையில் இராஜரத்தினம்

தைப்பூசத்தன்று வடலூர் நாற்சந்தியிலிருந்து சத்திய ஞான சபைக்கு நடந்து போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஒலிபெருக்கிகள். எல்லாவற்றிலும் ஒரே குரல். ஆனால் குரல் நம் அருகிலுள்ள கம்பத்திலிருந்து மட்டுமே வருவதாகத் தோன்றும்; தொலைவுக் கம்பங்கள் அதற்கு எதிரொலியாக மட்டும் வந்து சேரும். இரு கம்பங்களுக்கு இடையே ஓரிடத்தில் குரல் சட்டென்று அடுத்ததற்குத் தாவிவிடும். சிறுவயதில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து முன்னும் பின்னும் நடந்து பார்ப்பது எனக்கு விளையாட்டு.

நாற்பதைக் கடந்த பிறகு அதே விளையாட்டு காருக்குள் திரும்ப வந்தது. சுரங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூருக்கு அழைத்துப் போகவென்றே பழைய கார் ஒன்று வாங்கினேன். வழியில் அவர் கேட்பது திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம் மட்டும்தான். பிள்ளை மறைந்தது 1956இல். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததே 1958இல். ஆகவே அவருடைய ஒலிப்பதிவுகளில் இடம் வலம் என்பதே இல்லை. இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையே ஒலிக்கும். கேட்பவர் இரண்டுக்கும் சமதூரத்தில் இருந்தால், ஸ்பீக்கரே இல்லாத நட்டநடுவில் நாகசுரம் தோன்ற வேண்டும்.

தோன்றவில்லை. நம்மூர் வழக்கப்படி மெக்கானிக் பின்கண்ணாடியடிப் பலகையில் முட்டை வடிவ ஸ்பீக்கர்கள் இரண்டைப் பதித்திருந்தார். வித்துவான் பின்சீட்டிலிருந்து நம் பிடரியில் ஊதினார். அவற்றை நிறுத்தி, முன்கதவுகளில் இருந்ததை மட்டும் ஒலிக்கவிட்டால் தவிலே காணோம். ஒரு கதவில் கம்பிகள் மாறியிருந்தன. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. கம்பியை மாற்றியதும் தவில் வந்தது. ட்வீட்டர் எனப்படும் சிறு ஸ்பீக்கர்களை முன்கண்ணாடித் தூண்களில் ஒட்டியதும், முழங்காலருகே கிடந்த இசை முகத்துக்கு நேரே எழுந்தது. ஆனாலும் அது என் வலப்பக்கத்திலேயே நின்றது.

தையற்காரர் டேப்பால் அளந்தேன். என் தலையிலிருந்து வலக்கதவு ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டர், இடக்கதவு 147. நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்லும் ஒலிக்கு, இந்த 57 சென்டிமீட்டரைக் கடக்க ஒன்றரை மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. அற்பம் என்று தோன்றும். ஆனால் பக்கவாட்டிலிருந்து வரும் ஓர் ஒலி நம் இரு காதுகளையும் அடைவதிலுள்ள வேறுபாடே அதிகம் போனால் ஒரு மில்லி விநாடியில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்த நுண்ணிய அளவைக் கொண்டுதான் காது திசையை அறிகிறது. ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். சில மில்லி விநாடிகள் பிந்தி வரும் ஒலி முந்தியதைவிடப் 10 டெசிபல் வரை உரத்திருந்தாலும் தனியாகக் கேட்பதில்லை. முதலில் வந்ததே திசையைத் தீர்மானிக்கிறது. தைப்பூசக் கம்பங்களின் இரகசியம் இதுதான். தொல்காப்பியர் எழுத்துகள் உந்தியில் எழுந்த காற்றால் எங்கெங்கே பிறக்கின்றன என்று பிறப்பியலில் வகுத்தார். வந்து சேரும் இடத்தின் இலக்கணத்தை நமக்கு விட்டுவிட்டார் போலும்.

பரிகாரம் உண்டு. இப்போதைய கார் ஸ்டீரியோக்கள் பலவற்றில் அருகிலுள்ள ஸ்பீக்கரைச் சற்றுக் காக்கவைக்கும் வசதி இருக்கிறது. வலக்கதவை 1.65 மில்லி விநாடி தாமதிக்கச் செய்தேன். நாகசுரம் வலப்பக்கத்தை விட்டு, முன்கண்ணாடிக்கு அப்பால், நடுவில் போய் நின்றது. சிலிர்த்துப்போனேன். வகுப்பில்கூட இதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினேன் (மாணவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்).

அடுத்த பயணத்தில் அப்பா கேட்டார்: "ஏம்பா, ஒனக்கும் இந்தக் கதவுக்குள்ளேருந்துதான் கேக்குதா?"

அவர் அமர்வது என் இடப்பக்கம். அவருக்கு இடக்கதவு ஏற்கெனவே அருகில். வலக்கதவை நான் மேலும் தாமதப்படுத்தியதால் அவருடைய வேறுபாடு இரட்டித்துவிட்டது. எனக்கு நடுவில் நின்ற வித்துவானை நான் அவருடைய கதவுக்குள் தள்ளிப் பூட்டியிருந்தேன். கேட்பதற்கென்றே வருபவர் அவர். நான் பாதி நேரம் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

'இருவருக்கும்' என்றொரு தேர்வும் இருக்கிறது. அதில் இரு ஸ்பீக்கரும் ஒருசேர ஒலிக்கும். அவரவர்க்கு அவரவர் கதவு. சமரசம் என்று சொல்லலாம். எனக்கு அது இருவருக்கும் இல்லாமற் செய்வதாகவே படுகிறது. இரண்டே ஸ்பீக்கர்கள் உள்ள காரில் ஒரு நேரத்தில் ஓர் இருக்கைக்குத்தான் நடு உண்டு.

'இடமுன்' என்ற தேர்வை அழுத்தினேன். குறிஞ்சிப்பாடிக்கு முன்பே தோடி தொடங்கிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, ஊசிபோட்டு வீங்கிய கையைத் தூக்கி, முன்கண்ணாடியின் நடுவே ஓரிடத்தைச் சுட்டி, "இங்க நிக்கிறாரு" என்றார். எனக்கு என் முழங்காலருகே கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பெரும்பாலும் களைப்பில் உறங்கிவிடுவார். கடலூர் தாண்டியதும், சில நாள்களில், மெல்லப் பொத்தானை என் பக்கம் மாற்றிக்கொள்கிறேன். விழிப்பதற்குள் பழையபடி மாற்றிவைத்துவிட வேண்டும், கண்டுபிடித்துவிடுகிறார்.