யவனத் தேறலும் கருவாடும்

பங்காருபாளையத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம், மதுக்கடைக்கு மக்கள் வழங்கும் பெயர் 'வைன்ஸ்'. உள்ளே பிராந்தியும் விஸ்கியும் பீரும் அடுக்கியிருக்கும். திராட்சை மதுவைத்தான் தேட வேண்டும். பொருள் வராமல் பெயர் மட்டும் வந்து சேர்ந்த கதை இது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இதற்கு நேர்மாறாக நடந்தது. பொருள் வந்தது, பெயர் வரவில்லை.

புறநானூற்றின் 56ஆம் பாடலில், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுமண மதுவைக் குறிப்பிடுகிறார். கொண்டுவந்தவர்களுக்கு 'யவனர்' என்னும் அயற்பெயரை ஏற்ற தமிழ், அவர்கள் கொண்டுவந்ததை வீட்டுச் சொல்லாலேயே 'தேறல்' என்றது. தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் அடங்கித் தெளிந்த எந்த மதுவும் தேறல்தான். அது பனையில் இறங்கியதா, கிரேக்கத் தீவில் பிழிந்ததா என்று அச்சொல் கேட்பதில்லை. (கொங்கு வட்டாரத்துத் 'தெளுவு' இந்தத் தெளிவின் உறவே.)

அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி உடைசல்களில் கோஸ் தீவு வகைச் சாடிகளுக்கு முக்கிய இடம் உண்டு. கோஸ் மதுவுக்கு ஒரு தனித்தன்மை: அதில் கடல்நீர் கலப்பார்கள். ரோமானியரான கேட்டோ தம் வேளாண் நூலில் அதன் செய்முறையையே எழுதிவைத்திருக்கிறார். நெடும்பயணத்தில் மது கெடாதிருக்க உப்பு உதவியது. சாடியின் உட்புறத்தில் பூசும் மரப்பிசினும் அதன் சுவையில் ஏறியது. ஆக, செங்கடல் கடந்து பருவக்காற்றில் வந்திறங்கியது இனிப்பு மது அன்று. உப்பும் பிசின் வாசமும் கலந்த ஒன்று.

இதற்கு எதைத் தொட்டுக்கொள்வது? நக்கீரர் பாடலில் பொற்கிண்ணம் உண்டு, ஊற்றித் தரும் மகளிர் உண்டு, உணவு இல்லை. அரசவைப் பாடல்களுக்கு இந்தக் குறை உண்டு. உணவைத் தேடி நெய்தல் நிலத்துக்குத்தான் போக வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் எயிற்பட்டினத்தைக் காட்டுகிறார். இன்றைய மரக்காணம் என்பது பலர் கருத்து. அரிக்கமேட்டுக்கு வடக்கே, அதே கடற்கரை. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரம் உறங்கும் ஒட்டகம்போல் கிடக்கிறது. அதை விறகாக எரித்து நுளையர் மகள் தேறலை வடிக்கிறாள். பரதவர் அதைப் பாணருக்கு ஊட்டுகிறார்கள். உடன் வருவது சுட்ட குழல்மீன் கருவாடு. அதே 'தேறல்' என்ற சொல், பக்கத்தில் கருவாடு.

உப்பு மதுவோடு உப்பு மீன் என்றால் இன்றைய உணவக வல்லுநர் முகம் சுளிக்கலாம். ஆனால் உப்பு கசப்பை அடக்கும். புளிப்பு மீனின் கொழுப்பை அறுக்கும். கிரேக்கத்தில் இன்றும் பிசின் மணக்கும் ரெட்சினாவைப் பொரித்த சிறுமீனோடு அருந்துகிறார்கள். கோஸ் மதுவும் எயிற்பட்டினக் கருவாடும் ஒரே இலையில் சந்தித்தன என்பது ஊகந்தான். நாவுக்கு ஒவ்வாத ஊகம் அன்று.

பங்காருபாளையம் கடலிலிருந்து விலகியது. களிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடு வண்டியேறித்தான் வர வேண்டும். ஆயினும் இது பழைய வேங்கடத்தை அடுத்த நிலம். அகநானூற்றின் 61ஆம் பாடலில் மாமூலனார், புல்லியின் வேங்கடத்தைப் பேசும்போது நறவு விற்றுப் பெற்ற நெல்லையும் அந்நாள் மகிழ்ச்சியையும் சொல்கிறார். அங்கும் மது தனியே வரவில்லை, நெல்லோடு வருகிறது.

இந்த ஒப்பீட்டை மகிழ்ச்சியோடு நீட்ட முடியவில்லை. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் சாராயத்துக்கு எதிராக எழுந்தார்கள். அது மாநிலம் முழுதும் பரவி, 1995இல் முழு மதுவிலக்கில் முடிந்தது. இரண்டே ஆண்டில் அதுவும் தளர்ந்தது. அவர்களிடம் போய்ச் சங்கத் தேறலின் நயத்தைப் பேச முடியாது. கூலியெல்லாம் குடியில் போனபின், களிக்கு மாவு இல்லாத அடுப்பின்முன் நின்றவர்கள் அவர்கள்.