நத்தைக்கு மருந்து வாங்கிய கதை

நேற்று தவளக்குப்பம் சிக்னல் பக்கத்து டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார்: "சார், வீட்ல புதுசா மீன் தொட்டி வெச்சோம். ஒரே நத்தையா மொய்க்குது. என்னா மருந்து ஊத்தலாம்?" அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன், டீ ஆறிப்போனது, பேருந்து வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். மருந்து ஊற்றாதீர்கள் என்பதுதான் பதில். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் காலாண்டு விடுமுறைக்கு என் பேத்தி சென்னையிலிருந்து வந்திருந்தாள். எட்டு வயது. அவள் பிடிவாதத்தால் இரண்டடித் தொட்டி ஒன்று வந்தது, கூடவே ஆறு கப்பி மீன்களும் நாலைந்து செடிகளும். ஆரஞ்சு வால் கப்பிக்கு 'பட்டாசு' என்று பேர் வைத்தாள். ஊருக்குப் போகும்போது, "தாத்தா, பட்டாச பத்திரமா பாத்துக்கோங்க" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனாள்.

மூன்றாவது வாரம் கண்ணாடியில் எள்ளளவு ஒன்று ஊர்ந்தது. முப்பத்துமூன்று வருடம் அறிவியல் நடத்தியவனுக்கு அது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டின் நுனியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் பெரும்பாலான நத்தைகளுக்கு வாய் வலது பக்கம் இருக்கும். இதற்கு இடது பக்கம். உயிரியல் கணக்கில் இடச்சுழி. வலம்புரிச் சங்கு என்று நாம் பூஜையறையில் வைக்கிறோமே, அதுவும் இதே சுழிதான். நாம் சங்கைப் பிடித்துப் பார்க்கும் விதம் வேறு, அவ்வளவே. ஆக, என் தொட்டி முழுக்க வலம்புரி!

இதன் பெயர் ஃபைசெல்லா அக்யூட்டா. டிராபர்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதி, அவர் இறந்தபின் 1805-இல் வெளிவந்த நூலில் பிரான்ஸ் நாட்டு நத்தையாகவே பதிவானது. பூர்வீகம் வட அமெரிக்கா என்பது வெகு காலம் கழித்துத்தான் உறுதியானது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய அமெரிக்க நத்தை புதுச்சேரிக்கு வந்திருக்கிறது. நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வேடிக்கை பார்த்தது பத்து நாள்தான். அதற்குள் கண்ணாடி முழுக்கப் புள்ளிகள். செடி இலைக்கு அடியில் ஜவ்வரிசிக் கூழ் மாதிரி ஒட்டியிருந்தது முட்டை என்று அப்போதுதான் உறைத்தது. கடையில் வாங்கிய செடியோடு வந்தது அதுதான். இந்த நத்தை ஆணும் பெண்ணும் ஒன்றான உயிர். ஜோடி கிடைக்காவிட்டால் தனியாகவே முட்டையிட்டுப் பெருகும். ஒன்று போதும்.

பேத்தியின் மீன்களை இவை தின்றுவிடுமோ என்ற பயம் எனக்கு. உண்மையில் இவை உயிருள்ள மீனைத் தொடுவதில்லை. பாசி, அழுகிய இலை, மிஞ்சிய தீவனம், இவ்வளவுதான் இவற்றின் சாப்பாடு. இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். முன்னால் படித்திருக்க வேண்டும்.

ஒரு கடையில் சின்ன பாட்டில் கொடுத்தார்கள். மூலப்பொருள் தாமிரம், நம் மயில்துத்தத்தின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு இத்தனை சொட்டு என்று எழுதியிருந்தது. நீளம், அகலம், உயரம் பெருக்கினேன், 70 லிட்டர் வந்தது. அடியில் கிடந்த மணலையும் கல்லையும் கழிக்கவில்லை. மேலே காலியாக விட்டிருந்த இடத்தையும் கழிக்கவில்லை. கன அளவு பாடத்தில் இதே தவறுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருப்பேன்! அது போதாதென்று, மறுநாளும் நத்தைகள் ஊர்ந்ததைப் பார்த்து இன்னொரு முறை ஊற்றினேன். அப்படிச் செய்யாதே என்று பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது, நாற்றம் வேறு. நத்தைகள் கூட்டமாகச் செத்து மணலில் அழுகிக்கொண்டிருந்தன. அழுகினால் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைபெறச் சில வாரம் ஆகும். என் தொட்டியில் அவை அரைகுறையாகத்தான் இருந்திருக்கும். ஒரு பக்கம் தாமிரம், ஒரு பக்கம் அம்மோனியா. ஆறு மீனும் போய்விட்டன. பட்டாசு செடிக்கு நடுவில் செருகிக்கிடந்தது, தேடித்தான் எடுத்தேன்.

கண்ணாடியைச் சுரண்டி, நத்தையும் சகதியுமாக ஒரு வாளியில் அள்ளி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலுக்குக் கொண்டுபோனேன். மழைக்காலம், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் பழைய மாணவர் ஒருவர், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார், வண்டியை நிறுத்தினார்.

"என்னா சார் அது?"

"நத்தைப்பா. மீன் தொட்டி நத்தை."

"அத போயி வாய்க்கால்ல ஊத்துறீங்களா? ஆகாயத்தாமரைய அழகா இருக்குதேன்னு கொண்டாந்து வுட்டு ஏரியெல்லாம் பாழாப் போச்சுன்னு நீங்கதான சார் பாடம் எடுத்தீங்க?"

வாளியோடு திரும்பி வந்தேன். 1847-இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த ராட்சத ஆப்பிரிக்க நத்தை ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. இன்று கேரளம், தமிழ்நாடு என்று தோட்டங்களைத் தின்கிறது. 1980-களில் தென்னமெரிக்க ஆப்பிள் நத்தையைச் சாப்பாட்டுக்கு வளர்க்கலாம் என்று பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அது நாற்று வயலில் இறங்கிவிட்டது. எல்லாம் யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பாகூர்ப் பக்கம் நெல் வயல்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அந்த வாளி ஞாபகம் வருகிறது. மழை விட்ட நாட்களில் அதை மொட்டை மாடியில் வைத்துக் காயவிட்டு, சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். ஃப்ரீசரில் வைத்தும் நத்தையைக் கொல்லலாம் என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி பார்த்த பார்வையைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும்.

அடுத்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "அதே மாதிரி ஒண்ணு வாங்கி வுட்டுடுங்க, கொழந்தைக்கு எங்க தெரியப்போவுது" என்றார் மனைவி. எனக்கும் அதே யோசனைதான். கடை கடையாக அலைந்து ஆரஞ்சு வால் கப்பி ஒன்று வாங்கி வந்து விட்டேன். தொட்டி இன்னும் தேறவில்லை. இரண்டே நாளில் அதுவும் போனது. முதல் ஆறு மீன் என் அறியாமையில் செத்தன. ஏழாவது மீன் என் பொய்யில் செத்தது.

பொங்கலுக்குப் பேத்தி வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடினாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏழாவது மீன் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "நீங்க டீச்சர்தான தாத்தா? படிக்காமயா ஊத்துனீங்க?" என்றாள். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. ஆயாவோடு மட்டும் பேசினாள். ராத்திரி வந்து, "நத்தையும் எல்லாம் செத்துடுச்சா?" என்றாள். இல்லை. முட்டைக்குள் இருந்தவை தப்பி, பொடிப்பொடியாக மறுபடி ஊர்ந்துகொண்டிருந்தன. அவள்தான் காட்டினாள்.

அதன்பிறகு செய்ததெல்லாம் செலவில்லாதது. ராத்திரி ஒரு வெள்ளரிக்காய்த் துண்டை நூலில் கல் கட்டி இறக்கிவிடுவோம். காலையில் மொய்த்திருப்பவற்றோடு தூக்கி எடுப்போம். அதைவிட முக்கியம் தீவனம். நத்தை பெருகுகிறதென்றால் தின்பதற்கு மிஞ்சுகிறது என்று அர்த்தம். ஓய்வு பெற்ற மனிதன், வேறு வேலையில்லை, நாளைக்கு நாலு தடவை போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் மனைவியும், "பாவம், வாயத் தொறந்து தொறந்து மூடுது" என்று இரண்டு தடவை போட்டிருக்கிறார். இதை பேத்திதான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். மாசி மாதம் புது மீன் விட்டோம். ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, அதற்கு மேல் கிடையாது என்பது அவள் உத்தரவு. தொட்டிமேல் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

நத்தை தின்னும் மீன் வாங்கலாமே என்பார்கள். கேரள ஆறுகளில் குட்டி நன்னீர்ப் பேத்தை ஒன்று உண்டு, நத்தை என்றால் விடாது. ஆனால் கப்பியின் வாலையும் விடாது. அதோடு, ஆற்றிலேயே அது குறைந்துவருகிற இனம். என் தவறுக்கு அதை இங்கே கொண்டுவந்து அடைப்பானேன்?

புதுச் செடி வாங்கினால் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, நன்றாக அலசிய பிறகே தொட்டியில் வையுங்கள். மருந்து பாட்டில் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் திறக்காதீர்கள்.

இன்று காலை வெள்ளரித் துண்டில் நாலு நத்தை. வாராவாரம் எண்ணி பேத்திக்குச் சொல்ல வேண்டும். டீக்கடை நண்பர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன், கொஞ்சம் படிகாரத்தோடு.